நோர்வே நாட்டின் நுழைகழிகளும் மலைக்காட்சிகளும்

நாடுகளின் பெயர்கள் பெரும்பாலும் அவற்றில் வாழ்ந்த இனத்தாராலோ, ஆண்ட அரசராலோ அமைதல் வழக்கம். நோர்வே என்பதோ ஒரு வழியின் பெயர். 'வடக்கு நோக்கிய வழி' என்பதே அதன் பொருளெனச் சொல்லாராய்ச்சியாளருட் பெரும்பாலார் கொள்வர். அவ்வழி தரைவழியன்று. கரையோரத்துத் தீவுக்கூட்டங்கள் பெருங்கடலின் அலைகளைத் தடுத்து நிற்ப, அவற்றின் உட்புறமாக அமைதியான நீரிலே கலங்கள் சென்றுவந்த கடல்வழியே அது. 'பியோட்' என்று அந்நாட்டார் வழங்கும் சொல்லும், கடந்து செல்லுதல் என்னும் பொருளுடைய பழைய வேரினின்று பிறந்ததே. அதனையே நாம் நுழைகழி என்கின்றோம். ஆதலின் இந்நாட்டின் எழில்மிகு இடங்களைப் பற்றிக் கூறப்புகுவோர், அவற்றை உல்லாசப் பிரயாணிகள் கண்டு மகிழும் காட்சிகளாக மாத்திரம் கொள்ளாது, மக்கள் நெடுங்காலம் வழங்கிய வழிகளாகவும், இன்றும் இடருடன் வாழும் இடங்களாகவும் கொள்ளுதல் தகும்.

நுழைகழி என்றால் யாது என வினவின், 'கடலால் மூடப்பட்ட பனிக்கட்டியாற்றுப் பள்ளத்தாக்கு' என நம் மாணவர் ஒரே மூச்சில் விடையிறுப்பர். விடை சரியே, ஆயினும் அவ்வொரு வரியுள் அடங்கியுள்ள வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலர். மேற்கு நோர்வேயின் மலைகளில் ஆறுகள் முன்னரே பள்ளத்தாக்குகளை வெட்டியிருந்தன. கடந்த இருபத்தைந்து இலட்சம் ஆண்டுகளில் பனிக்கட்டிக் காலங்கள் பலமுறை வந்து நீங்கின. ஒவ்வொரு முறையும் பனிக்கட்டியாறுகள் அப்பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கி, அடியிற் பதிந்த பாறைத்துண்டுகளால் தரையை அராவி, பக்கங்களைச் செங்குத்தாகச் செதுக்கின. ஆறு கடல்மட்டத்தின் கீழ் ஆழமாக வெட்டமாட்டாது. நூற்றுக்கணக்கான மீற்றர் தடிப்புடைய பனிக்கட்டியோ தன் நிறையினாலேயே கடல்மட்டத்தின் கீழும் அகழ வல்லது. கரையை அணுகியதும் பனிக்கட்டி பரந்து மெலிந்து வலிகுன்றும். அதனால் நுழைகழியின் வாயிலில் அகழ்வு குறைந்து, நீரின்கீழ் ஒரு பாறைப்படி எஞ்சி நிற்கும். சொக்னே பியோட்டின் மிக ஆழமான பகுதி 1,308 மீற்றர்; வாயிலில் உள்ள படியோ இருநூறு மீற்றருக்கும் உட்பட்ட ஆழத்தது. வெளியே ஆழங்குறைந்தும் உள்ளே ஆழம் மிகுந்தும் இருத்தலே, இஃது ஆறு செய்த வேலையன்று என்பதற்குச் சிறந்த சான்று.

பெரிய பனிக்கட்டியாறு ஆழமாக அகழ்ந்த வேகத்துக்கு அதன் கிளைகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. எனவே பனிக்கட்டி உருகியபின் கிளைப் பள்ளத்தாக்குகள் தலைமைப் பள்ளத்தாக்கின் சுவரில் உயரத்தே தொங்கி நின்றன. அவற்றின் நீர் பாய்ந்து விழும் இடங்களே இன்று புகழ்பெற்ற அருவிகள். இவ்வாறு வளைந்து நெளிந்த கரை உலகில் வேறெங்கும் அரிது. வளைவுகளை விடுத்து அளப்பின் ஏறக்குறைய 2,600 கிலோமீற்றராகும் தலைநிலக் கரை, நுழைகழிகளையும் தீவுகளையும் சேர்த்து அளக்கின் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றராகின்றது.

பேர்கன் நகரம் வட அகலக்கோடு 60 பாகையில் உள்ளது. அதே அகலக்கோட்டை அடுத்துக் கிறீன்லாந்தின் தென்முனை பனியில் உறைந்து கிடக்கின்றது. பேர்கன் துறைமுகத்திலோ மாரியிலும் கலங்கள் தடையின்றிச் செல்லும். வட அத்திலாந்திக் நீரோட்டம் கொணரும் வெப்பமும், தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுமே இதற்குக் காரணம். அக்காற்று மலைகளில் மோதி மேலெழுதலால் பேர்கனில் ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். குடையின்றி அந்நகருக்குச் செல்வோர் இரங்கற்குரியர்! ஜேர்மானியக் கன்சா வணிகர் உலர்மீன் வாணிகஞ் செய்த பிறிக்கன் என்னும் துறைமுகப் பகுதி, 1702இல் எரிந்து, பழைய அமைப்பின்படியே மீளக் கட்டப்பட்டது. அம் மரவீட்டு வரிசை 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

பேர்கனின் வடக்கே கடலிலிருந்து உள்நாட்டுள் 200 கிலோமீற்றருக்குச் சற்று மேலாக நீண்டு செல்வது சொக்னே பியோட். நோர்வேயின் நுழைகழிகளுள் நீளத்தாலும் ஆழத்தாலும் இதுவே தலையாயது. அதன் கிளைகளுள் ஒன்றான நாரோய் பியோட் ஓரிடத்தில் 250 மீற்றர் அகலமே உடையது. இருபுறத்து மலைகளும் 1,400 மீற்றர் வரை உயர்வன. மாரியில் ஞாயிற்றின் கதிர் பல வாரங்கள் நீரைத் தொடாத இடங்களும் அங்குள. மற்றொரு கிளையின் தலைப்பிலே பிளோம் என்னும் சிற்றூர் உண்டு. அங்கிருந்து மிர்டால் வரை ஏறும் புகையிரதப் பாதை 20 கிலோமீற்றருள் 860 மீற்றருக்கு மேல் உயர்கின்றது. அதன் இருபது சுரங்கவழிகளுட் பதினெட்டு மனிதர் கையாற் குடைந்தவை. 1923இல் தொடங்கிய வேலை 1940இலேயே நிறைவெய்தியது. இன்று அது பிரயாணிகளின் பாதையே எனினும், நுழைகழியோரத்து ஊர்களை ஒஸ்லோ–பேர்கன் பெரும்பாதையோடு இணைத்தற்கே அன்று அதனை அமைத்தனர். அண்மையிலுள்ள லார்டால் வீதிச் சுரங்கம் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 24.5 கிலோமீற்றர். சாரதிகள் சலிப்பாற் கண்ணயராதிருக்க இடையிடையே அகன்ற குகைகளை வெட்டி நீலவொளியும் மஞ்சளொளியும் இட்டுள்ளனர்.

எனினும் பியோட் எனக் கூறியதும் பலர் மனத்தில் எழும் படம் கைராங்கரினதே. நாரோய் பியோட்டுடன் 2005இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பெற்ற இந்நுழைகழியின் இருமருங்கும் 'எழுவர் சகோதரியர்' முதலிய அருவிகள் வீழ்கின்றன. நாம் நோக்கவேண்டுவது அருவிகளை மாத்திரமன்று. நீர்மட்டத்திலிருந்து பல நூறு மீற்றர் உயரத்திலே, குன்றின் விளிம்பிலே, கைவிடப்பட்ட பண்ணைவீடுகள் சில தெரியும். ஸ்காகெபுளோ என்பது அவற்றுள் ஒன்று. வரி தண்டுவோர் வருங்கால் அவ்வீட்டார் ஏணியை மேலே இழுத்துவிடுவர் என்றொரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, ஆடு மேய்க்கவும் புல் அரியவும் அத்துணை உயரத்திற் குடியேறுமளவுக்கு அந்நாட்டில் உழுநிலம் அரிதாயிருந்தது என்பது மெய். நோர்வேயின் நிலப்பரப்பில் உழுது பயிரிடத்தக்கது நூற்றில் மூன்று பங்கே. பாறை சரியும் என்ற அச்சமும், வாழ்வின் அருமையும் கூடி அப்பண்ணைகளை வெறுமையாக்கின. 1993இல் அரசர் ஹரால்டும் அரசி சொன்யாவும் தம் திருமண வெள்ளிவிழாவை ஸ்காகெபுளோவிற் கொண்டாடினர்.

பாறைச்சரிவு வெறும் அச்சமன்று. செங்குத்தான சுவர்களைத் தாங்கி நின்ற பனிக்கட்டி நீங்கியபின், பாறை வெடிப்புகளில் நீர் புகுந்து, உறைந்து, விரிந்து, அவற்றை மேலும் பிளக்கின்றது. ஓருழி பெயர்ந்து ஒடுங்கிய நீர்ப்பரப்பில் வீழுமாயின், எழும் அலை இருகரைகளுக்கிடையே அகப்பட்டு, விரிந்து தணிய இடமின்றி உயரும். லோயன் ஏரியில் 1905இல் இவ்வாறு எழுந்த அலை 61 பேரைக் கொன்றது. எஞ்சியோர் மீண்டும் அங்கேயே குடியிருந்தனர். 1936இல் அதே மலை மீண்டுஞ் சரிந்து 74 பேர் மாண்டனர். இவ்விரண்டிற்கும் இடையே, 1934ஆம் ஆண்டு ஏப்பிரில் 7ஆம் நாள் இரவு, தாபியோட்டில் 40 பேர் இறந்தனர்; அங்கே அலை அறுபது மீற்றருக்கு மேல் உயர்ந்தது.

கைராங்கருக்கு அணித்தாயுள்ள ஓக்கர்நேசெற் என்னும் மலைச்சரிவிலும் ஒரு நீண்ட வெடிப்பு உண்டு. அஃது ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் அகன்றுகொண்டே வருகின்றது. அம்மலை எப்பொழுது சரியும் என எவராலும் கூறல் இயலாது. ஆயினும் சரிவுக்கு முன் அசைவு விரைவுபெறும் என்பது அறியப்பட்டதாதலின், கருவிகள் இரவும் பகலும் அவ்வசைவை அளக்கின்றன. அலை எழுந்தபின் கைராங்கரை அடையப் பத்து நிமிடமளவே செல்லும். அதற்குள் மக்களை அகற்றல் அரிது. எனவே முன்கூட்டியே அபாய அறிவிப்புச் செய்வதற்கு ஒழுங்குகள் செய்துள்ளனர். சில நூறு பேரே நிலையாக வாழும் அவ்வூருக்குக் கோடையில் ஒரே நாளிற் பல்லாயிரவர் கப்பல்களில் வந்திறங்குவர். படமெடுத்துத் திரும்பும் அவருள் எத்துணைப் பேர் அவ்வெடிப்பைப் பற்றி அறிவர்?

கப்பல்களும் ஒரு சிக்கலாயின. காற்றுப் புகாத அப்பள்ளத்தாக்கிற் கப்பற் புகை மேகம்போற் படிந்து நிற்பதுண்டு. 2018இல் நோர்வேயின் பாராளுமன்றம் உலக மரபுரிமை நுழைகழிகளில் 2026ஆம் ஆண்டுக்குள் புகையற்ற கலங்களே செல்லவேண்டுமெனத் தீர்மானித்தது. பின்னர் அவ்விதி 10,000 தொன் அளவுக்குட்பட்ட பயணிகள் கலங்களுக்கு 2026 முதல் என வகுக்கப்பட்டது. பெருங்கப்பல்களுக்கு 2032 வரை தவணை கிடைத்தது. தவணை கேட்டோர் கப்பற் கம்பனிகள் மாத்திரமல்லர். அக்கப்பல்களால் வருவாய் பெறும் கரையோர ஊராரும் கேட்டனர். இதனை எளிதிற் குறை கூறுதல் நேர்மையன்று. மின்கலத்தால் இயங்கும் வாகனத்தோணி ஒன்று 2015 முதல் சொக்னே பியோட்டின் குறுக்கே சென்றுவருதலால், அவ்வழி இயலாததன்று என்பதும் தெளிவு.

அம்மின்வலு எங்கிருந்து வருவது எனின், அருவிகளினின்றே. நோர்வேயின் மின்வலுவிற் பத்தில் ஒன்பது பங்களவு நீரினாற் பெறப்படுகின்றது. இங்கேதான் அழகும் பயனும் நேர்நின்று பொருதுகின்றன. மார்டால் அருவியை மின்னிலையத்துக்குத் திருப்பும் திட்டத்தை எதிர்த்து 1970இல் மக்கள் பாதையில் அமர்ந்து மறியல் செய்தனர். மெய்யியற் பேராசிரியர் ஆர்னே நெஸ் அவருள் ஒருவர். காவலர் அவரைத் தூக்கி அகற்றினர், திட்டமும் நிறைவேறியது. இன்று அவ்வருவியின் நீர், பிரயாணிகள் வரும் கோடை வாரங்களில் மாத்திரம் திறந்துவிடப்படுகின்றது. கோடையிற் கண்டு வியப்போர் மாரியிற் செல்வராயின் வறிய பாறையையே காண்பர். ஹார்டாங்கர்ப் பகுதியிலுள்ள வோரிங் அருவிக்கும் கோடையில் இன்னளவு நீர் விடவேண்டுமென விதி உண்டு. 1980ஐ அண்டி வடக்கே ஆல்ரா ஆற்றின் அணைக்கு எதிராகச் சாமி இனத்தார் நடத்திய போராட்டமும் தோற்றது. ஆனால் அதன் பயனாக அவ்வினத்தாரின் உரிமைகள் ஆராயப்பட்டு, 1989இல் அவர்களுக்கெனப் பாராளுமன்றம் ஒன்று அமைந்தது.

மலைமேலுள்ள பனிக்கட்டியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப்பெரிய பனிக்கட்டிப் பரப்பு யூஸ்தெடால் என்பது. அதன் ஒரு நாவாகிய பிரிக்ஸ்டால் 1990ஆம் ஆண்டுகளில் முன்னேறி வந்தது. அதனைக் கண்டு உலகம் வெப்பமுறவில்லை என வாதித்தோரும் இருந்தனர். அவ்வாண்டுகளின் மாரியில் மிகுதியாகப் பெய்த பனியே அம்முன்னேற்றத்தின் காரணம். 2000ஐ ஒட்டி நிலைமை மாற, அந்நா விரைவாகப் பின்வாங்கி, முன்பு தான் தொட்டு நின்ற ஏரியை விட்டு மேலேறிவிட்டது.

வடபால் செல்வோருக்கு 1893இல் ரிச்சாட் வித் என்பார் தொடக்கிய கடற்சேவை இன்றும் உண்டு. பேர்கனிலிருந்து ருஷிய எல்லையை அடுத்த கிர்க்கனஸ் வரை 34 துறைகளில் அக்கப்பல்கள் தங்கும். லோபோத்தன் தீவுகளில் மலைகள் கடலினின்று நேரே எழுந்து நிற்கும். தை முதற் சித்திரை வரை கொட் மீன்கள் பாரன்ற்சுக் கடலினின்று அங்கு வந்து முட்டையிடும். பிடித்த மீனை உப்பிடாது மரச்சட்டங்களிற் கட்டிக் குளிர்காற்றில் உலர்த்துவர். உறைநிலையை ஒட்டிய, ஆயினும் கடும் உறைபனியாகாத அக்குளிரே அதற்கு வேண்டிய பதம். அவ்வுலர்மீன் இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் செல்கின்றது. இன்னும் வடக்கே பின்மார்க் கரையின் மீன் பதனிடும் ஆலைகளில், 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதலாக, நம் நாட்டினின்று சென்ற தமிழர் பலர் வேலை செய்தனர். அவர்களுக்கு அந்நிலம் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. மரமற்ற கரையும், உறைகாற்றும், பகலற்ற மாரியும் நாடோறும் எதிர்கொள்ளவேண்டிய வாழ்வாயிருந்தன. பிற்காலத்தில் அவருட் பலர் ஒஸ்லோ முதலிய தென்புற நகர்களுக்கு நகர்ந்தனர்.

நோர்ட்காப் முனையில் வைகாசி நடுப்பகுதி முதல் ஆடி இறுதிவரை ஞாயிறு மறைவதில்லை. 307 மீற்றர் உயர்ந்த அப்பாறை விளிம்பில் நள்ளிரவுச் சூரியனைக் காணவே பலர் செல்வர். இக்காட்சிக்கு ஈடாக மாரியிற் செலுத்தவேண்டிய விலையைப் பற்றிப் பிரயாண நூல்கள் சுருக்கமாகவே கூறும். துரொம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை ஞாயிறு அடிவானத்தின் மேல் எழுவதில்லை. நண்பகலில் ஓரிரு மணிநேரம் நீலநிற ஒளி பரவி மறையும். தெளிந்த இரவுகளில் வடதுருவ ஒளி பச்சைத் திரைபோல் அசையும். கணிதப்படி ஞாயிறு திரும்பிய பின்னும் தெற்கேயுள்ள மலைகள் அதனைச் சில நாள் மறைத்து நிற்கும். சனவரி 21ஆம் நாளை அந்நகரத்தார் ஞாயிற்று நாளெனக் கொண்டாடுவர். அன்று பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஞாயிற்றின் பெயரால் இனிப்பு ரொட்டிகள் வழங்குவர். வானம் முகில்மூடியிருப்பினும் வழங்குவர்.