நல்லவரையும் சோதிக்கும் கலை

நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பான ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, செய்தியாகிய மத்ன். மற்றொன்று, அது வந்த வழியைக் காட்டும் அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாத். இமாம் புகாரியின் (கி.பி. 810–870) தொகுப்பில் முதலில் நிற்பது, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் ஹதீஸ். ஹுமைதீ, சுஃப்யான், யஹ்யா இப்னு ஸயீத், முஹம்மது இப்னு இப்ராஹீம், அல்கமா, நபியவர்களிடம் நேரில் கேட்ட உமர் என ஆறு பேர் வழியாக அது அவரை எட்டியது. இப்படி வரும் ஒவ்வொருவரையும் விசாரிக்கவே ஒரு தனிக் கலை வளர்ந்தது. பக்திமான்கள் சொன்னதை அப்படியே நம்புவதுதான் இது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் நல்லவர் என்பதற்காக எவரையும் விட்டுவிடாததே இக்கலையின் வலிமை.

அறிவிப்பாளரின் நேர்மை வேறு, நினைவாற்றல் வேறு. இரண்டும் தனித்தனியே எடைபோடப்பட்டன. எகிப்தின் காழியாக இருந்த இப்னு லஹீஆ வாய்மையானவர்தான். ஆனால் தம் ஏடுகள் எரிந்தபின் தடுமாறினார் என்று ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் பதிகிறார். இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் ஆகிய இருவரும் அவரிடமிருந்து அறிவித்தவற்றை மற்றவர்கள் அறிவித்தவற்றைவிட மேலாக இப்னு ஹஜர் மதிக்கிறார். ஒரே மனிதரின் சொல்லுக்கு, அதைக் கேட்டவர் யார் என்பதைப் பொறுத்து வேறு வேறு மதிப்பு! நினைவாற்றலை அளக்க, ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்ட பலரின் அறிவிப்புகளை ஒப்பிட்டார்கள். அடிக்கடி தனித்து முரண்படுபவர் தரம் இறங்கினார். தொடரில் அடுத்தடுத்து வரும் இருவர் சந்தித்ததற்குச் சான்று வேண்டும் என்றார் புகாரி. சமகாலத்தவராக இருந்து சந்திக்க வாய்ப்பிருந்தாலே போதும் என்றார் மற்றொரு ஹதீஸ் தொகுப்பாளரான இமாம் முஸ்லிம்.

செய்தியைப் புனைபவன் தொடரையும் புனையலாமே என்பது வலுவான மறுப்பு. பல தொடர்கள் பிற்காலத்தில் பின்னோக்கி நீட்டப்பட்டவை என்று மேற்கத்திய ஆய்வாளர் ஜோசப் ஷாக்ட் 1950இல் வாதிட்டார். பின்னர் மற்றொரு ஆய்வாளரான ஹரால்ட் மோட்ஸ்கி இதற்கு எதிர்ச்சான்று காட்டினார். அப்துர் ரஸ்ஸாக் தொகுத்த முஸன்னஃப் என்னும் ஹதீஸ் நூலில், மக்காவின் இப்னு ஜுரைஜ் தம் ஆசிரியர் அதாவின் கருத்துகளை ஏராளமாகத் தருகிறார். ஐயம் வந்த இடத்தில் அதை மறைக்காமல் சொல்கிறார், சிலவற்றைப் பிறர் வழியாகவே கேட்டதாக ஒப்புக்கொள்கிறார். பொய்யாகத் தொடர் கட்டுபவன் தன் சரக்கைத் தானே இப்படிப் பலவீனப்படுத்த மாட்டான். இந்தச் சான்று அதாவின் காலம்வரைதான் நம்மைக் கொண்டுசெல்கிறது என்பது உண்மை. ஆனாலும் எல்லாமே பிற்காலப் புனைவு என்ற முடிவை அது தகர்க்கிறது.

அறிவிப்பாளர்களை மதிப்பிட்டவர்களும் மனிதர்கள்தாமே, அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, அந்த வேறுபாடுகள் காரணங்களோடு பதிவாகியிருப்பதால்தான் இன்றும் நம்மால் மறுபரிசீலனை செய்ய முடிகிறது. ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது), ஹஸன் (நல்லது), ளயீஃப் (பலவீனமானது) என்ற தரங்கள் ஒரு செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்பவை. ஆகவே ஹதீஸை எடுத்துச் சொல்பவர் அதன் தரத்தையும் சேர்த்துச் சொல்வதே அறிவு நேர்மை.