பாடி கட்டிய ஊர்

ஜாம்ஷெட்பூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். கூரை இல்லாத, கதவு இல்லாத, முன்கண்ணாடிகூட இல்லாத வண்டியில் அந்தத் தூரத்தை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், முன்னால் என்ஜின், ஒரு ஸ்டீயரிங், டயர்கள். அவ்வளவுதான் சேஸிஸ். உட்கார ஒரு மரப்பெட்டி. தலையையும் வாயையும் துண்டால் சுற்றி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டி, ஒடிசா வெயிலையும் ஆந்திரத்து மழையையும் நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு வருவார்கள். எண்ணூரிலிருந்தும், 1980க்குப் பிறகு ஓசூரிலிருந்தும் லேலண்ட் சேஸிஸ் வந்தது. அது கிட்டத்துப் பயணம். எங்கிருந்து புறப்பட்டாலும் வந்து நின்ற இடம் நாமக்கல் பட்டறை. இரும்புச் சட்டமாக உள்ளே போனது லாரியாக வெளியே வரும்.

பாடி கட்டுவது ஒருவர் வேலை அல்ல. ஆசாரி சட்டத்தின் மேல் குறுக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து யூ போல்ட்டால் இறுக்குவார். அதன் மேல் பலகைத் தளம், தளத்தின் மேல் இரும்புத் தகடு. கொல்லுப் பட்டறையில் அடித்த கொக்கியும் கீலும் பக்கப் பலகைகளில் ஏறும். கேபினும் அன்று மரச்சட்டத்தில்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்க நீளப் பலகை, கேபின் தலைக்கு மேல் தார்பாயும் கயிறும் போட இடம், பக்கவாட்டில் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் ஒரு பெட்டி, தண்ணீர்த் தொட்டி. வண்டிக்காரர் தினமும் வந்து பக்கத்தில் நிற்பார். "படுக்கையை இன்னும் நாலு விரக்கடை அகட்டி வெச்சுடுங்க ஆசாரி, நம்ம பையன் ஆள் உசரம்" என்பார். அப்படியே வைத்துக் கொடுப்பார்கள். ஓட்டப் போகிறவர் யார் என்று தெரிந்து, அவர் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டிய வண்டி. பிறகு டிங்கர், எலக்ட்ரீஷியன், குஷன் தைப்பவர், கடைசியாகப் பெயிண்டர். கேபின் நெற்றியில் ஆஞ்சநேயர் பெயர், பின் கதவில் மயிலோ மானோ. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து வண்டி பூஜைக்குப் போகும்.

இந்தப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் ஒரே ஊரைச் சுற்றி முளைத்ததற்குக் காரணம் மழை பெய்யாததுதான். காவிரிக் கரையோரத்தை விட்டுத் தள்ளினால் இந்த வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கிணறு வற்றியபோது, நிலத்தில் போட்டிருக்க வேண்டிய பணத்தையும் உழைப்பையும் லாரியில் போட்டார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் அதே சேஸிஸின் மேல் துளையிடும் எந்திரத்தை ஏற்றி ரிக் வண்டியாக்கி, இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். சங்ககிரி லாரிக்காரர் ஊரானது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வளர்ந்தது; முட்டை போகவும் தீவனம் வரவும் லாரி வேண்டும். ஒரு தொழில் இன்னொன்றுக்கு லோடு கொடுத்தது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்தத் தொழிலில் இருந்த ஏணி. பதினைந்து வயதில் கிளீனராக ஏறுகிறவன் முதலில் கற்பது இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று சொல்வது. அடுத்து தார்பாய்க் கட்டு. பிறகு இரவில் நெரிசல் இல்லாத சாலையில் டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கைக் கையில் கொடுப்பார். டிரைவராகிப் பத்து வருடத்தில், சீட்டு எடுத்த பணம், மனைவியின் நகை, உள்ளூர் பைனான்ஸ் என்று திரட்டி, நாலு பேர் கூட்டாக ஒரு பழைய வண்டி வாங்குவார்கள். நாலு பேரில் இருவர் அதையே ஓட்டுவார்கள். அந்த வண்டி இரண்டாகும். கிளீனர், டிரைவர், முதலாளி, பட்டறைக்காரர் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், பல சமயம் ஒரே சொந்தம். டில்லியில் சம்பாதித்த வாடகை நாமக்கல் பட்டறையில் செலவானது. அந்தக் கூலி நாமக்கல் கடைவீதியில் செலவானது. ஒரு வட்டாரம் தன் காலில் நிற்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். நேருக்கு நேர் மோதினால் மரக் கேபின் டிரைவரைக் காப்பாற்றாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் வண்டி ஓடியதே இல்லை. கேரள எல்லையில் வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ஒரு ராத்திரி, சில நேரம் ஒன்றரை நாள். கொசுக்கடியில் வண்டிக்குக் கீழே அடுப்பு மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் ஒரு செக்போஸ்ட், ஒவ்வொன்றிலும் ஒரு கைநீட்டல்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரலில், சரக்கோடு கூடவே போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் பாஸ்டேக் கட்டாயம். பழைய ஏழாம் எண் சாலை நாலு வழியாகி, இன்று 44ஆம் எண்ணோடு ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீள்கிறது. சரக்கு வேகமாகப் போகிறது. இது டிரைவருக்கு வந்த உண்மையான விடுதலை, சந்தேகமில்லை.

கூடவே ஒரு கடிகாரமும் வந்தது. ஈ-வே பில் முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தது. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி படுத்துவிட்டால், கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் பில்லை நீட்டிக்க வேண்டும். வண்டி படுப்பதும் முன்போல் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ். 6 என்ஜின்கள். டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். ஒரு சென்சார் பழுதானால் என்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். முன்பு சாலையோர மெக்கானிக் பானெட்டைத் திறந்து காதை வைத்தே கோளாறைச் சொன்னார். இப்போது லேப்டாப்பைப் பொருத்தினால்தான் தெரியும். அந்த லேப்டாப் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தில் வண்டி நின்றால், டிரைவர் ஒரு காதில் சர்வீஸ் சென்டரையும் மறு காதில் சரக்குக்காரரையும் வைத்துக்கொண்டு மணியைப் பார்க்கிறார். நூறு வண்டி வைத்திருக்கும் கம்பெனிக்கு இதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு. ஒரே வண்டிக்காரருக்கு அவரேதான்.

பட்டறையில் மாற்றம் இன்னும் ஆழம். கேபின் இப்போது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது, மோதல் சோதனை முடித்த எஃகுக் கேபின். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நாற்பது டிகிரி வெயிலில் என்ஜின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் கேபின் போனதும் மரச்சட்டம் போட்டவர், குஷன் தைத்தவர், டிங்கர் ஆகியோரின் வேலையில் பாதி போய்விட்டது. பெயிண்டரின் மயிலை ஸ்டிக்கர் கடை எடுத்துக்கொண்டது. மர பாடி இரும்பு பாடியாகி, ஆசாரி நின்ற இடத்தில் வெல்டர் நிற்கிறார். அந்த வெல்டர் பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்திருக்கிறார்.

லோடும் கை மாறுகிறது. சேலம் – கரூர் ரயில் பாதை 2013இல் திறந்ததிலிருந்து நாமக்கல்லுக்கு ரயில் உண்டு. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் இப்போது வட மாநிலங்களிலிருந்து சரக்கு ரயிலில் வருகிறது. 42 வேகன், ஏறக்குறைய 2,600 டன். பத்து வீல் வண்டிகளுக்கு அது 130 லாரிக்குக் குறையாத லோடு. ரயில் வந்து நின்றதும் லாரிகள் அணிவகுக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து பண்ணைக்கு, முப்பது நாற்பது கிலோமீட்டர். அன்று வடக்கே போய் லோடோடு திரும்பிய வண்டிக்கு இன்று அந்தச் சில்லறை ஓட்டம்தான் மிச்சம். ரயிலைக் குறை சொல்ல முடியாது. டீசல் மிச்சம், சாலைக்கு நல்லது, தீவனமும் மலிவாக வருகிறது. லாரிக்காரர் தன் தொழிலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

காஸ் டேங்கர் இந்த வட்டாரத்தின் பெரிய சொத்து. தென் மாநிலங்களில் எண்ணெய் நிறுவனங்களின் சமையல் எரிவாயுவைச் சுமக்கும் டேங்கர் உரிமையாளர்களின் சங்கமே நாமக்கல்லில்தான். 2025 மார்ச் கடைசி வாரத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிய டெண்டர் நிபந்தனைகள், குறிப்பாக மூன்று அச்சு வண்டிகளுக்குக் கொடுத்த முன்னுரிமை, அவர்களைச் சுட்டது. கடனில் வாங்கிய இரண்டு அச்சு வண்டி ஒரே ஒப்பந்தத்தில் பழையதாகிவிடும் என்ற பயம் அது. அதற்குப் பின்னால் இன்னொரு பயம் இருக்கிறது. காண்ட்லாவிலிருந்து கோரக்பூர் வரை ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய்த் திட்டம். கொச்சியிலிருந்து கோவை வழியாகச் சேலத்துக்கு இன்னொரு குழாய்த் திட்டம். குழாய் வரும் பாதையில் டேங்கருக்கு நீண்ட ஓட்டம் இருக்காது.

ஏணிக்கு வருகிறேன். கிளீனர் என்ற ஆளே அநேகமாக மறைந்துவிட்டார். டிரைவர் தனியாகப் போகிறார். அதனால் பழக்கிவிட ஆளில்லை. கூட்டாக வாங்கும் பழைய வண்டிதான் அன்று முதல் படி. 2022 ஏப்ரலில் பதினைந்து வருடம் தாண்டிய லாரியின் தகுதிச் சான்றுக் கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. புகை கக்கும் வண்டி சாலையை விட்டுப் போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு மாற்றாக டிரைவர் கையில் எதையும் கொடுக்கவில்லை. லாரியில் சம்பாதித்தவர்கள் பிள்ளைகளை நாமக்கல், ராசிபுரம் பள்ளிகளில் சேர்த்தார்கள். படித்த பிள்ளை பெங்களூரில் இருக்கிறது; மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். டிரைவர் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் உரிமையாளர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். கூலிக்கு மட்டும் ஆள் கேட்டால் வர மாட்டார்கள். ஓட்டுகிறவருக்கு வண்டியில் பங்கு, சில வருடத்தில் வண்டியே அவருக்கு என்று எழுதிக் கொடுக்கும் கடன் திட்டத்தை வங்கிகளும் சங்கங்களும் சேர்ந்து கொண்டுவரலாம். பழைய கூட்டு வண்டி முறையைத்தான் சட்டப்படி எழுதிக்கொள்கிறோம்.

பட்டறைக்கு எதிர்காலம் இருக்கிறது, நான் அதை நம்புகிறேன். கேபின் போனாலும் சுமைப் பகுதியைத் தொழிற்சாலை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. முட்டைக்கு ஒரு பாடி, குளிர்பதனத்துக்கு ஒன்று, சிமென்ட் பல்க்கருக்கு ஒன்று, ரிக் வண்டிக்கு ஒன்று. ஓவர்லோடு ஏற்றிய காலத்தில் பாடி என்ன எடை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்று பத்து வீல் வண்டிக்கு மொத்த எடை வரம்பு 28.5 டன், 2018இல்தான் அது 25லிருந்து உயர்ந்தது. பாடியில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் சரக்காக ஏறும், ஒவ்வொரு டிரிப்பிலும் வாடகையாகத் திரும்பும். பேட்டரியே டன் கணக்கில் எடையுள்ள மின்சார லாரியில் இது இன்னும் கூர்மையாகும். எடை குறைந்த, உறுதியான பாடியைக் கட்டத் தெரிந்தவருக்கு வேலை ஓயாது.

தடை வேறிடத்தில். ஏ.ஐ.எஸ். 093 என்ற லாரி பாடி விதிப்படி வரைபடம், கணக்கீடு, சோதனை, ஒப்புதல் எல்லாம் வேண்டும். ஒப்புதலுக்குப் புனேவுக்கோ ஒரகடத்தில் உள்ள சோதனை மையத்துக்கோ போக வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தச் செலவு தாங்காது. தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டே பிசகாமல் கட்டியவர்களுக்குக் கணினி வரைபடம் போட்டுத் தர, நாமக்கல்லிலேயே ஒரு பொது வடிவமைப்பு, சோதனை மையம் வேண்டும். பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே வடிவத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குறுக்குக் கட்டை எங்கே விரிசல் விடும், வளைவில் எந்தக் கொக்கி முதலில் விலகும் என்று கையால் அறிந்த ஆசாரிகள் அறுபதைத் தொட்டுவிட்டார்கள். அந்த மையத்தை அவர்கள் வேலைக்கு வரும் காலத்திலேயே திறக்க வேண்டும்.