வீடு கிடைக்கிறதுக்கு முன்னாடியே சாமானை லாரி ஏத்தலாமா?



கையில் ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. வேலை குருகிராமில். ஜாயினிங்குக்கு இன்னும் 18 நாள். சென்னை வீட்டு ஓனரிடம் மாசக் கடைசியில் காலி பண்றதா சொல்லியாச்சு. அங்கே வீடு? இன்னும் பார்க்கவே இல்லை. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆளிடம் கேட்டால், "அட்ரஸ் அப்புறம் குடுங்க சார், வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள வீடு கிடைச்சிடும்" என்கிறார்.

என் முதல் வேலை மாற்றத்தில் நானும் இதே பேச்சை நம்பினேன். வண்டி 9 நாளில் போய்ச் சேர்ந்தது. எனக்கு வீடு கிடைக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆச்சு. அதுவரை சாமான் அவங்க குடோனில், வாடகை நாள் கணக்கில். பணம் கட்டினால்தான் சாமான் வெளியே வரும்னு சொன்னபோது பேரம் பேச என்னிடம் எதுவுமே இல்லை. அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

வீடு ஏன் லேட் ஆகுது?

புது வேலையில் சேர்ந்த உடனே லீவு கேட்க முடியாது. அதனால் சனி, ஞாயிறில்தான் வீடு பார்க்கணும். பிடிச்ச வீடு கிடைச்சாலும் அட்வான்ஸ், அக்ரிமென்ட், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் முடியணும். பல அபார்ட்மென்ட் சொசைட்டிகளில் சாமான் ஏத்த தனி அனுமதி, தனிக் கட்டணம், குறிப்பிட்ட நேரம்னு விதி இருக்கும். ஆக, "ஒரு வாரத்தில் கிடைச்சிடும்" என்பதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. 30 நாள்னு வெச்சுக்கோங்க.

முதல்ல கணக்கு

கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டி. கீழே இருக்கிற எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்க கொட்டேஷனை வெச்சு மாத்திப் போட்டுப் பாருங்க.

வழி 1, இப்பவே அனுப்புறது: வண்டிக்கு 38,000 + குடோன் 25 நாள் × 400 = 10,000 + குடோனிலிருந்து வீட்டுக்கு இன்னொரு வண்டி, ஆள் கூலி 4,500. மொத்தம் 52,500 ரூபாய்.

வழி 2, சாமானை ஊரில் அப்பா அம்மா வீட்டில் போட்டுட்டு, வீடு கிடைச்சதும் அனுப்புறது: உள்ளூர் வண்டிக்கு 5,000 + 38,000. மொத்தம் 43,000 ரூபாய்.

வழி 3, பெரிய சாமானை இங்கேயே வித்துட்டு அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்குறது: விற்றால் 22,000 வரும், வாங்க 35,000 போகும். கையிலிருந்து போவது 13,000. பாக்கிப் பெட்டிகளை அனுப்ப 6,000. மொத்தம் 19,000 ரூபாய்.

வழி 1-க்கும் வழி 3-க்கும் வித்தியாசம் 33,500 ரூபாய். புது வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் தேடும் நேரத்தில் இது சின்னத் தொகையா?

எல்லாருக்கும் வழி 3 சரியா வராது. போன வருஷம்தான் வாங்கின ஃப்ரிட்ஜ்னா அனுப்புறதே லாபமா இருக்கலாம். ஆனா ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வி கேளுங்க: "இதை இன்னைக்கு வித்தா என்ன வரும்? அனுப்ப என்ன ஆகும்?" அனுப்பும் செலவு, வித்தா வரும் காசைவிட அதிகம்னா, அந்தப் பொருள் லாரி ஏற வேண்டாம்.

முகவரி இல்லாமலே அனுப்ப வழி இருக்கு

முதல் மாசத்துக்கு உங்களுக்கு வீட்டு முகவரி தேவையில்லை. சாமானை நீங்களே போய் வாங்கிக்கிற ஒரு இடம் போதும்.

ரயில்: நீங்க போற ரயிலிலேயே கொண்டு போங்க. ஸ்லீப்பர், தேர்ட் ஏசி ரெண்டிலும் 40 கிலோ, செகண்ட் ஏசியில் 50 கிலோ வரை இலவசம். அதுக்கு மேல் இருந்தால் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் லக்கேஜா புக் பண்ணலாம். பைக்கையும் அனுப்பலாம். பெட்ரோலைக் காலி பண்ணி, பேக் பண்ணி, ஆர்.சி., அடையாள அட்டை நகலோடு போங்க. ரசீதைக் காட்டி இறங்கும் ஸ்டேஷனில் எடுத்துக்கலாம். சீக்கிரம் எடுக்கலைன்னா கட்டணம் ஏறும். இன்னொண்ணு: வெளி மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வண்டியை வெச்சிருந்தா அங்கே மறுபதிவு பண்ணணும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்க.

லாரி பார்சல் சர்வீஸ்: "குடோன் டெலிவரி"ன்னு சொல்லி புக் பண்ணுங்க. அவங்க கிளை ஆபீஸுக்குப் போய் எல்.ஆர். ரசீதைக் காட்டி எடுத்துக்கலாம். எத்தனை நாள் இலவசமா வெச்சிருப்பாங்க, அப்புறம் டெமரேஜ் எவ்வளவுன்னு புக் பண்ணும்போதே கேட்டு எழுதி வாங்குங்க.

தபால்: புத்தகம், துணி மாதிரி சின்னப் பெட்டிகளுக்கு "போஸ்ட் ரெஸ்டான்ட்" வசதி உண்டு. உங்க பெயர், அந்த ஊர் தபால் நிலையத்தின் பெயர், பின்கோடு எழுதி அனுப்பினால் அங்கேயே வெச்சிருப்பாங்க. அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கலாம். சில நாள்தான் வெச்சிருப்பாங்க என்பதால், நீங்க கிளம்பும் தேதியை ஒட்டி அனுப்புங்க.

கட்டாயம் அனுப்பியே ஆகணும்னா

சாலை வழி சரக்குப் போக்குவரத்துக்கு 2007-ஆம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு. அதில் மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

1. சாமானின் மதிப்பை நீங்க அதிகமாகக் குறிப்பிட்டு, அதுக்கான கூடுதல் கட்டணத்தை ஏத்துக்கலைன்னா, தொலைஞ்சாலும் உடைஞ்சாலும் அவங்க பொறுப்பு, நீங்க கொடுத்த வாடகையின் 10 மடங்கு வரைதான். 6,000 ரூபாய் வாடகைன்னா உச்சவரம்பு 60,000.

2. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடணும்னா, புக் பண்ண தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கணும்.

3. சாமான் வந்தாச்சுன்னு நோட்டீஸ் கொடுத்து 30 நாளாகியும் எடுக்கலைன்னா, அதை உரிமை கோராத சரக்காகக் கருதலாம். வீடு கிடைக்காத உங்களுக்கு ரொம்ப முக்கியமான விதி இதுதான்.

அதனால் குடோன் வாடகை நாளுக்கு எவ்வளவு, கடைசி வண்டிச் செலவு யாருடையது, இன்ஷூரன்ஸ் குடோனில் இருக்கும் நாட்களுக்கும் உண்டா, இந்த மூணையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க.

நடுவழியில் போன் வரும்: "பார்டர்ல என்ட்ரி டாக்ஸ் கேக்குறாங்க சார், இ-வே பில் இல்லன்னு வண்டியை நிறுத்திட்டாங்க." உடனே ஜிபே பண்ணாதீங்க. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தப்பவே என்ட்ரி டாக்ஸ் அதில் சேர்ந்துடுச்சு. பயன்படுத்தின வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையே இல்லை. பிரச்சினைன்னா நுகர்வோர் உதவி எண் 1915.

சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், நகை, லேப்டாப் எதுவும் லாரியில் போகக்கூடாது. உங்க கூடவே பையில் வரட்டும்.

ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது

ஒரே கம்பெனிக்குள் டிரான்ஸ்ஃபர்னா, சாமான் கொண்டுபோகத் தரும் அலவன்ஸில் நீங்க உண்மையில் செலவழிச்ச தொகைக்கு வரி இல்லை. புது வரி முறையிலும் இந்தச் சலுகை உண்டு. பில்லைப் பத்திரமா வைங்க. புது கம்பெனி மொத்தமாத் தரும் ரீலொகேஷன் போனஸ் வேற கதை. அது சம்பளத்தோடு சேர்ந்து, டிடிஎஸ் போகத்தான் கைக்கு வரும். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டா திருப்பிக் கட்டணும்னு ஆஃபர் லெட்டரில் இருக்கான்னு பாருங்க.

கையெழுத்துப் போடும் முன் ஒண்ணு கேட்டுப் பாருங்க: "15 நாள் கெஸ்ட் ஹவுஸ், 30 நாள் சாமான் வைக்கிற செலவு தருவீங்களா?" கேட்கலைன்னா அவங்களா தர மாட்டாங்க.

முதல் மாசம் ரெண்டு பெட்டி, ஒரு பி.ஜி. போதும் நண்பர்களே. வீட்டு அக்ரிமென்ட் கைக்கு வந்த அன்னைக்கு மூவர்ஸுக்கு போன் பண்ணுங்க. அப்போ பேரம் பேசும் இடத்தில் நீங்க இருப்பீங்க.