'வெட்டினேன்' ஓகே... 'செத்தான்' யார் சொல்றது?

கிராபிக்ஸ் கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. கீபோர்டும் கற்பனையும் போதும். நீங்க தளபதி, உங்க ஃப்ரெண்டு திருடன். ஆளுக்கு நாலு வரி மாத்தி மாத்தி டைப் பண்ண, கதை நகரும். அதாங்க ஆன்லைன் டெக்ஸ்ட் ரோல்ப்ளே!

'வாளை ஓங்கினேன்'னு நீங்க எழுதலாம். 'அவன் தலை உருண்டது'ன்னு எழுதினா அழுகுணி ஆட்டம் பாஸ். விலகுறதா, வெட்டு வாங்குறதாங்கிறது ஃப்ரெண்டோட முடிவு. இந்த அழுகுணிக்குப் பேரு 'காட்மோடிங்'. திருடன் ஒளிஞ்ச இடம் உங்களுக்குத் தெரியும், தளபதிக்குத் தெரியாதே! நேரா அங்கே போய் நின்னா அது 'மெட்டாகேமிங்'.

'விளையாட்டுதானே'ங்கிறீங்களா? 1993-ல் லாம்டாமூங்கிற டெக்ஸ்ட் உலகத்துல ஒருத்தர், மத்தவங்க கேரக்டர்கள் அசிங்கமா நடந்துக்கிற மாதிரி ஒரு புரோகிராம் வெச்சு வரிகளை ஓடவிட்டார். திரையில வெறும் எழுத்துதான். ஆனா, பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தர் நிஜமாவே அழுதிருக்கார். பெரிய விவாதம் நடந்து, கடைசியில அட்மின்கள்ல ஒருத்தர் அந்த ஆளோட கேரக்டரையே அழிச்சார். அதுக்கப்புறம்தான், ஆட்டக்காரங்களே ஓட்டுப் போட்டு விதிகளை முடிவு செய்ற முறையைக் கொண்டுவந்தார், அந்த உலகத்தை உருவாக்கின பாவெல் கர்ட்டிஸ்.

ஆங், செமஸ்டர் வந்தா சொல்லிட்டுக் கிளம்புங்க. எதிராளி எத்தனை நாள்தான் ஓங்கின வாளோட நிப்பார்?