அப்பிள் பிஞ்சை எப்ப கிள்ளுறது?

எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட கதை இது. கொஞ்சக் காலத்துக்கு முதல் ஒன்ராறியோவில் ஒரு அப்பிள் தோட்டத்துக்கு மென்பொருள் எழுதிற கொன்ட்ராக்ட் எனக்குக் கிடைத்தது. மரத்துக்கு எத்தனை காய் விடுவது, மிச்சத்தை எப்போது உதிர்ப்பது என்று அது சொல்லவேண்டும். மொத்தக் கிலோ ஆகக் கூட வாற மாதிரிக் கோட் எழுதினேன். எல்லா மரத்துக்கும் ஒரே விடை: ஒன்றையும் கிள்ளாதே. தோட்டக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சும்மா ஒரு கணக்குப் போடுவம். 200 காய், ஒன்று 120 கிராம், மொத்தம் 24 கிலோ. சின்னக் காய் ஜூசுக்குத்தான் போகும். கிலோ 50 சதமென்றால் 12 டொலர். 120 காய் மட்டும் விட்டு, ஒவ்வொன்றும் 180 கிராம் வந்தால் 21.6 கிலோ. எடை குறைவு, ஆனால் கடைக்குப் போகிற சைஸ். கிலோ ஒரு டொலர் என்றால் 21.60. 80 ஆகக் குறைத்து 220 கிராம் வந்தாலும் விலை ஏறாவிட்டால் 17.60தான். கூடக் கிள்ளினாலும் நட்டம்.

எத்தனை என்பது லேசு. எப்ப என்பதுதான் தலையிடி. பூக்கும்போதே உதிர்த்தால் மிஞ்சும் காய் நன்றாகப் பருக்கும். ஆனால் பிறகு பனி விழுந்து மிச்சமும் கருகினால்? அறுத்ததை ஒட்ட ஏலாது, ரோல்பேக் இல்லை. பொறுத்திருந்தால் நிலவரம் தெளிவாகும், ஆனால் மரத்தின் சக்தி வீணாகும். மருந்து தெளித்து உதிர்ப்பதற்கு, பிஞ்சு ஏறக்குறைய 8 முதல் 20 மில்லிமீற்றர் இருக்கும் காலம்தான் சரி. அது தாண்டினால் ஆள் வைத்துக் கையால்தான் கிள்ளவேண்டும். அந்தக் கூலி சும்மா இல்லை. இன்னொன்று, பிஞ்சுக்குள் இருக்கும் விதைகளின் ஹோர்மோன் அடுத்த வருசப் பூமொட்டைத் தடுக்கும். அது பூத்துச் சில கிழமைக்குள்ளேயே முடிவாகிவிடும். பிந்திக் கிள்ளினால் அடுத்த வருசக் காய்ப்புக்குப் பிரயோசனமில்லை.

அதனால் தோட்டக்காரர்கள் ஒரே தரத்தில் முடிவெடுப்பதில்லை. கொஞ்சம் தெளிப்பார்கள், சில நாள் விட்டுப் பிஞ்சுகளை அளப்பார்கள். வேகமாக வளர்வதின் பாதி வேகம்கூட இல்லாதது தானே விழும் என்று கணக்கு. போதாவிட்டால் திரும்பத் தெளிப்பு. என் இரண்டாவது வேர்ஷன் இதைத்தான் செய்தது.

எங்கட வளவு மரத்தில் போன வருசம் கொத்துக்கு ஒன்றை விட்டு மிச்சத்தைக் கிள்ளப் போனேன். "காய்ச்சதைப் பிச்சு எறியிறதோ?" என்று அம்மா மறித்துப்போட்டா. மரம் நிறைய எலுமிச்சங்காய் அளவில் அப்பிள். இந்த வருசம் மொத்தமே நாலு பூ.