பரணில் கிடக்கும் பழைய பட்டாசு... எரிக்கவும் கூடாது, எறியவும் கூடாது, என்னதான் செய்வது?

தீபாவளிக்கு மறுநாள் காலை. தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரே காட்சிதான். வாசலில் மழையில் ஊறிக் கிடக்கும் சிவப்புக் காகிதக் குவியல். அதைக் குச்சியால் கிளறி, வெடிக்காமல் போன வெடியைத் தேடும் சிறுவர்கள். திண்ணையில், முந்தின ராத்திரி மழை பிடித்துக்கொண்டதால் கொளுத்த முடியாமல் போன புஸ்வாணம், சங்குசக்கரம், நாலைந்து கம்பி மத்தாப்புப் பெட்டிகள்.

"கார்த்திகைக்கு ஆகும், எடுத்து வை" என்பார் பாட்டி. பெட்டி பரணுக்கு ஏறும். கார்த்திகைக்குப் பாதி தீரும். மீதி அடுத்த தீபாவளிக்குப் புதுப் பெட்டி வரும்வரை அங்கேயே கிடக்கும். இப்படி மூன்று, நான்கு வருடப் பட்டாசு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வீடுகள் உண்டு. 'நமுத்துப்போச்சு, இனிமே எங்கே வெடிக்கப் போகுது?' என்ற நினைப்புதான் அதற்குக் காரணம். ஆபத்து தொடங்குவதும் அந்த நினைப்பில்தான்.

நெல்லைக் காத்த ஊரில்...

ஐப்பசி என்றாலே டெல்டாவில் அடைமழை. பாபநாசத்துக்கு ஒரு பக்கம் குடமுருட்டி, இன்னொரு பக்கம் திருமலைராஜன். சுற்றிலும் தண்ணீர் கட்டிய சம்பா வயல். அடுப்படி ஜாடியில் இருக்கும் உப்பே கசியும் காலம் அது.

ஈரத்தை எப்படிச் சமாளிப்பது என்று இந்த மண்ணுக்குத் தெரியாமல் இல்லை. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய பிரமாண்டமான நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நெல் ஈரம் பட்டால் முளைவிடும், பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டாசு ஈரம் பட்டால் என்ன ஆகியிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

நமுத்தால் செத்துவிடுமா?

பட்டாசு மருந்தில் இரண்டு சரக்குகள் முக்கியம். எரியக்கூடிய கரி, கந்தகம், அலுமினியத் தூள் போன்றவை ஒன்று. அவை எரிய ஆக்சிஜனைக் கொடுக்கும் வெடியுப்பு போன்ற உப்புகள் இன்னொன்று. அடுப்பு எரிய வெளிக்காற்று வேண்டும். பட்டாசுக்கு அது வேண்டாம். தனக்கான ஆக்சிஜனைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. அதனால்தான் சாக்கைப் போட்டு மூடினாலும் அது அணைவதில்லை.

ஈரம் பட்டால் அந்த உப்பு கரைகிறது. காய்ந்தால் மறுபடி கட்டியாகிறது. ஒரு இடத்தில் அதிகமாகவும் இன்னொரு இடத்தில் குறைவாகவும் மருந்து கூடிவிடும். திரி விட்டுவிட்டு எரியலாம்; சட்டென்று உள்ளே ஓடியும் விடலாம். காகிதக் குழாய் உளுத்து, மேலே பாய வேண்டிய நெருப்பு பக்கவாட்டில் பீறிடலாம். பழைய பட்டாசு செத்த பட்டாசு அல்ல. எப்போது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத பட்டாசு, அவ்வளவுதான்.

கடலில் மட்டும் ஏன் கண்டிப்பு?

இதே மருந்து கடலில் உயிர் காக்கும் வேலையையும் செய்கிறது. நாகப்பட்டினம் கடற்கரைக்கு அப்பால் போகும் பெரிய கப்பல் எதுவானாலும், ஆபத்து வந்தால் உதவி கேட்பதற்காக 'ஃப்ளேர்' எனப்படும் வாணங்கள் அதில் இருக்கும். சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி, கப்பலில் குறைந்தது 12 பாராசூட் வாணங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 300 மீட்டர் உயரம் போய், 40 விநாடியாவது சிவப்பாக எரிய வேண்டும். கையில் பிடிக்கும் வகை ஒரு நிமிடம் எரியும். அதைத் தண்ணீருக்குள் 10 விநாடி முக்கி எடுத்தாலும் அணையக் கூடாது என்பதும் விதி!

இவ்வளவு உறுதியாகச் செய்த பொருளுக்கும் காலாவதித் தேதி உண்டு. பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. தேதி முடிந்ததைக் கடலில் வீசக் கூடாது. ஜாலிக்காகக் கொளுத்தினால், யாரோ ஆபத்தில் இருப்பதாக எண்ணி மீட்புப் படை கிளம்பிவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைப்பதும் இதற்கு உதவாது. விற்ற நிறுவனத்திடமோ, உயிர்காப்புப் படகுகளைப் பராமரிக்கும் நிலையத்திடமோ ஒப்படைத்து, வெடிபொருளைக் கையாள உரிமம் பெற்றவர்கள் மூலம்தான் அழிக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1993-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரிலும், 2013-ல் பொலிவியாவின் ஒருரோ நகரிலும், கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் ஏவிய கடல் வாணம் பாய்ந்து தலா ஒருவர் இறந்தார்கள். பொலிவியாவில் பலியானது 14 வயதுச் சிறுவன்.

வேளாங்கண்ணி, நாகூர் என்று கடற்கரைக்குப் போகும்போது, எழுத்தும் படமும் போட்ட உருளை ஏதாவது மணலில் ஒதுங்கிக் கிடந்தால் தொட வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093-க்கோ, அவசர எண் 112-க்கோ சொல்லிவிட்டு விலகி நிற்பதே சரி.

கப்பல் வாணத்துக்குத் தேதி பார்க்க ஆள் இருக்கிறார்கள். வீட்டுப் பரணுக்கு அந்த வேலையை வீட்டார்தான் பார்க்க வேண்டும்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

* நமுத்த பட்டாசை தோசைக்கல்லிலோ, அடுப்புப் பக்கத்திலோ, ஹேர் டிரையரிலோ காயவைக்க வேண்டாம். இத்தனை நாள் பரணில் இருந்ததை நெருப்புக்கு அருகில் நாமே கொண்டுபோகிறோம்.

* வெடிக்காத வெடிகளைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது பிள்ளைகளின் பழைய விளையாட்டு. முகமும் கண்ணும் கருகுவது இதில்தான். கம்பி மத்தாப்பின் பொறியே 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

* போகி நெருப்பில் பெட்டியோடு போட வேண்டாம். தை மாதம் டெல்டாவில் அறுவடைக் காலம். ஒரு ராக்கெட் தப்பிப் போனால் பக்கத்து வீட்டு வைக்கோல் போர் மிஞ்சாது.

* மீந்ததைச் சென்னைக்கு எடுத்துப்போகப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏற வேண்டாம். ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் அது.

* வாய்க்காலிலோ, குளத்திலோ, ஆற்றிலோ கொட்ட வேண்டாம். பட்டாசு மருந்தில் இருக்கும் உப்புகள் தண்ணீரில் கரையும். பச்சை நிறத்துக்காகச் சேர்க்கும் பேரியம் உப்புகள் நஞ்சு. பட்டாசில் பேரியம் சேர்க்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பரணில் இருப்பது அதற்கு முந்தைய சரக்காகவும் இருக்கலாம்.

சரி, எப்படித்தான் கழிப்பது?

முதலில், கொளுத்தியும் வெடிக்காத பட்டாசு. குறைந்தது அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. குனிந்து பார்ப்பதோ, இன்னொரு முறை பற்றவைப்பதோ கூடாது. பிறகு சற்றுத் தள்ளி நின்றே அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்ட வேண்டும்.

அடுத்து, பரணில் கிடக்கும் கொஞ்சநஞ்சப் பட்டாசு. பகல் நேரத்தில், பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை இது. குளிக்கவோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ பயன்படாத பழைய வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையில், வீட்டுச் சுவரிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் தள்ளி வைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். பட்டாசை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, மிதக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். மூடி போட்டு இறுக்க வேண்டாம். அலுமினியத் தூள் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு உண்டாகலாம். குழந்தைகளும் ஆடு மாடும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 24 மணி நேரம் ஊற வேண்டும். சணல் சுற்றிய அணுகுண்டு வகைக்கு இரண்டு நாள். ஊறியதும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, 'நனைத்த பட்டாசு' என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். குப்பையோடு கலந்து போடாதீர்கள். அந்தக் குப்பையை வெறும் கையால் பிரிப்பவரும் ஒரு குடும்பத்தின் தகப்பனோ தாயோதான். வாளித் தண்ணீரைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத வெற்றிடத்தில் ஊற்றுங்கள்.

மூட்டைக் கணக்கில் இருந்தாலோ, திருவிழாவில் மீந்த நாட்டு வெடியாக இருந்தாலோ நீங்களே கை வைக்க வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லிவிடுங்கள்.

மீறிக் காயம் பட்டுவிட்டால், தீப்புண்மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விழட்டும். இங்க், பேஸ்ட், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108.

ஊரும் கை கொடுத்தால்...

சென்னை மாநகராட்சி, தீபாவளிக் குப்பையில் பட்டாசுக் கழிவை மட்டும் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் நல்லது. தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு நாள், ஒரு பொது இடத்தில் தண்ணீர் நிரம்பிய டிரம் ஒன்று, பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் கிடைப்பது காலையில் ஒரு மணி, இரவில் ஒரு மணி. அந்த இரண்டு மணி நேரத்தில் தீருகிற அளவுக்கு மட்டும் வாங்குவது. அப்படியும் மழையால் ஒரு பெட்டி மீந்தால், அதன்மேல் அந்த வருடத்தைப் பேனாவால் பெரிதாக எழுதி வைப்பது. கார்த்திகைக்குள் தீராவிட்டால், அது திரும்பப் பரண் ஏறக் கூடாது. கொல்லையில் இருக்கும் பழைய வாளிக்குப் போக வேண்டும்.