தூங்கும் குட்டி ஏன் நனைப்பதில்லை?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு மாத நாய்க்குட்டி. இரவு பதினோரு மணிக்கு எழுப்பி மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கேயே சுருண்டு படுத்துவிடுகிறதாம். கீழே கொண்டுவந்து விட்ட ஐந்தாவது நிமிடம் கால்மிதியை நனைக்கிறதாம். "வேண்டுமென்றே செய்கிறதா?" என்று கேட்கிறார்.

இல்லை. அவ்வளவு திட்டம் போடும் வயது அதற்கு இல்லை. எனக்கு இதைவிட ருசியாகத் தெரிவது வேறொரு கேள்வி. இந்த வயதுக் குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிறது. சிறுநீரகம் மட்டும் தூங்குவதில்லை, பை நிரம்பிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் தூக்கத்தில் குட்டி நனைப்பதில்லை. கண் திறந்து, சோம்பல் முறித்து, நாலடி நடந்த பிறகுதான் நனைக்கிறது. தூக்கத்தில் பிடித்துவைத்தது யார்? விழித்ததும் அவிழ்த்துவிட்டது யார்?

சிறுநீர்ப்பையை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 22 அடியை நெருங்கினாலே தொலைக்காட்சிக்காரர்கள் கரையில் வந்து நின்றுவிடுவார்கள். ஏரிக்கு ஓர் அளவுகோல் வேண்டும், உத்தரவு போட ஒரு பொறியாளர் வேண்டும், மதகைத் திருக ஒரு மடைக்காரர் வேண்டும். பையின் சுவரில் இருக்கும் நரம்பு நுனிகள்தான் அளவுகோல். தண்டுவடத்தின் அடிப்பகுதி மடைக்காரர். பொறியாளரின் இருக்கை மூளைத்தண்டில், பான்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பாரிங்டன் உட்கரு என்று பெயர். மட்டம் எல்லையைத் தாண்டியதும் அவர் ஒரே ஆணையில் இரண்டு வேலை வாங்குகிறார்: பையின் தசை இறுக வேண்டும், வாசல் தசை தளர வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காவிட்டால் கரைக்கு ஆபத்து. அவருக்கும் மேலே கலெக்டர், அதாவது முன்மூளை. "கூடத்தில் விருந்தாளி இருக்கிறார்கள், கொஞ்சம் பொறு" என்று ஆணையை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருடையது. நம் குட்டியின் மாவட்டத்தில் கலெக்டர் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறார்.

பிறந்த சில நாளில் பொறியாளரின் ஆணையும் கீழே எட்டாது. அப்போது குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்கவே முடியாது. தாய் அதன் பின்புறத்தை நக்க வேண்டும். அந்த ஈரத் தொடுகை தண்டுவடத்துக்குப் போக, மடைக்காரர் யாரையும் கேட்காமல் மதகைத் திறக்கிறார். வருவதைத் தாயே குடித்துவிடுகிறது. படுக்கை நனைவதில்லை, பாலாகப் போன நீரில் ஒரு பங்கும் தாய்க்கே திரும்புகிறது. தாயில்லாக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பவர்கள் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுவது இந்த மடைக்காரரை எழுப்பத்தான். மூன்றாவது வாரம் வாக்கில் மேலிருந்து வரும் கம்பிகள் வேலை செய்யத் தொடங்க, நக்கல் ஆணை மெல்லச் செல்லாததாகிறது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பொறியாளரின் அறைக்கு அடுத்த அறையில் லோகஸ் செருலியஸ் என்றொரு சின்ன நரம்புத் திரள் இருக்கிறது. மூளை முழுவதையும் உசுப்பிவிடும் மணி அதன் கையில். பாரிங்டன் உட்கருவிலிருந்து இந்த அறைக்கும் கம்பி போகிறது. மயக்கத்தில் இருக்கும் எலியின் பையை மெல்ல நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். பெருமூளையில் விழிப்பின் அலை தெரிவதற்கு முன்பே இந்தத் திரள் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஏரி நிரம்பினால் பொறியாளர் முதலில் மதகைத் தொடுவதில்லை, மணியை அடித்துக் கலெக்டரை எழுப்புகிறார். தாசில்தார் யார், வண்டல் எங்கே படிகிறது, ஆயக்கட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள், ஏரி அதற்கு மேல் தாங்காது.

இதை அப்படியே குட்டிக்குக் கொண்டுவந்தால் கணக்கு தலைகீழாகிறது. குட்டி எழுந்ததால் சிறுநீர் வருகிறது என்று நினைக்கிறோம். பல சமயம் பை நிறைந்ததால்தான் குட்டி எழுகிறது. எலியிலிருந்து நாய்க்குத் தாவுகிறேன் என்பது உண்மை. ஆனால் பாலூட்டிகளின் மூளைத்தண்டு இந்த விஷயத்தில் பெரிதாக மாறிக்கொள்ளாத பழைய அலுவலகம். சேலத்துக் குட்டியின் கதையும் இதில் அடங்கிவிடுகிறது. பதினோரு மணி என்பது வீட்டுக்காரரின் நேரம். பை இன்னும் எல்லையைத் தொடவில்லை, மணி அடிக்கவில்லை, குட்டி மாடியில் தூக்கத்தைத் தொடர்ந்தது. படியிறங்கும் குலுக்கலில் மெல்ல விழித்தது. தூக்கம் போட்டிருந்த பிடி தளர்ந்தது. அந்த நேரத்தில் காலடியில் இருந்தது கால்மிதி.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரை கொடுத்தால் ஆசிரியர் விடமாட்டார் என்பதால் ஒரு பத்தி. லண்டனில் சிறுநீரக அறுவை மருத்துவராக இருந்த பாரிங்டன், பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சின்ன இடத்தை அழித்தால் பை தானாகக் காலியாவது நின்றுவிடுகிறது என்று 1925இல் எழுதினார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். நடக்கத் தொடங்கிய குட்டி படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்த்தான் கழிக்கிறது, எட்டு ஒன்பது வாரத்தில் அதற்கென ஓர் இடத்தையே வைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. வரலாறு முடிந்தது.

ஆக, பழக்க வேண்டியது குட்டியின் குணத்தை அல்ல, விழிக்கும் அந்த ஒரு நிமிடத்தை. படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். புரண்டு முனகினால் உடனே தூக்குங்கள், நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். மூன்றாவது மாடியில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரம் போதும், காரியம் அங்கேயே முடிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் இறக்கிவிட்டு, முழுதாக விழிக்கும்வரை நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரே மாதிரித் தரை. சாக்கிலும் துணியிலும் பழகிய பாதத்துக்குக் கால்மிதியும் சாக்குதான். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம், பார்வோ வைரஸ் காத்திருக்கிறது. பால்கனியில் ஒரு தட்டு மண் போதும்.

ஏழே நாளில் பழக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி என்ன சொல்ல? நரம்பு முதிர்வதற்குத் தவணைத் திட்டம் கிடையாது. மாதத்துக்கு ஒரு மணி நேரம் அடக்கும் என்ற வாய்பாடும் ஒரு குத்துமதிப்பு. தூங்கும் குட்டிக்கு ஒரு கணக்கு, ஓடியாடும் குட்டிக்கு வேறு கணக்கு. தூக்கம் கற்றலுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2017இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள், ஹங்கேரிய மொழியில் தெரிந்த கட்டளைகளை நாய்களுக்கு ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்து, தூக்கத்தில் மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். கற்றதற்கும் தூக்கத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அவை வளர்ந்த நாய்கள், பாடம் உட்காருவதும் படுப்பதும். அதைப் பிடித்துக்கொண்டு "தூக்கவழிப் பயிற்சி" என்று யாராவது கட்டணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

காலையில் ஈரத்தைப் பார்த்துத் திட்டுவதும் வீண். தலையைக் குனிந்து "தப்புத்தான்" என்பதுபோல் குட்டி பார்க்குமே, அது குற்றவுணர்வு என்று நம்புகிறோம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களிடம் சோதித்தார். தின்னக் கூடாததைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்காரர் திட்டினால் அந்தப் பார்வை கூடியது, அவ்வளவுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. விழித்தபின் நனைத்தால் அது வயது, காத்திருக்கலாம். தூங்கும்போதே படுக்கை ஈரமாகிறதென்றால் கதை வேறு. சில குட்டிகளுக்கு, பெண் குட்டிகளுக்கு அதிகமாக, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பையில் சேராமல் மதகைத் தாண்டிக் கீழே போய்த் திறந்திருக்கும். சிலவற்றுக்குப் பையில் நோய்த்தொற்று இருக்கும். அந்தக் கசிவை எந்தப் பொறியாளரும் நிறுத்த முடியாது. அதற்குப் பயிற்சியாளரைத் தேடி அலையாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.